பழைய பல்சரில் கஃபே ரேசர்: பெயிண்டுக்கு முன்னால் லேத்

கஃபே ரேசர் (தாழ்ந்த ஹேண்டிலும் கூம்பு சீட்டுமாக, பழைய ரேஸ் வண்டித் தோற்றத்தில் மாற்றிய வண்டி) என்று சொல்லிக் கட்டிய வண்டிகள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அடிக்கடி கண்ணில் படும். டேங்க் பளபளக்கும், சீட்டுத் தையல் எடுப்பாக இருக்கும், சைலன்சர் தெருவையே எழுப்பும். ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். செலவெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போயிருக்கும். ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே வரும் புஷ்ஷை (இடைவெளியை நிரப்பும் உருளை) லேத்தில் கடைகிற காசில் மட்டும் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

பல வண்டிப் பாகங்களைச் சேர்ப்பதில் தப்பில்லை. இந்த வகை வண்டியே அப்படிப் பிறந்ததுதான். 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளவட்டங்கள் கொண்டாடிய ட்ரைட்டான், நார்ட்டன் ஃபெதர்பெட் ஃபிரேமில் ட்ரையம்ஃப் இன்ஜினை உட்கார வைத்த வண்டி. அவர்கள் கலந்தது இரண்டே பெரிய பாகங்களை. இங்கே ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கும் இரட்டைக் குழாய்) ஒரு வண்டி, வீல் இன்னொரு வண்டி, டிஸ்க் மூன்றாவது வண்டி என்று ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கலப்பதென்றால் செட்டாகக் கலக்க வேண்டும். முன்பக்கம் முழுவதும் ஒரே வண்டியிலிருந்து, பின்பக்கம் முழுவதும் ஒரே வண்டியிலிருந்து. இணைப்பு குறையக் குறையத் தலைவலியும் குறையும்.

வண்டியும் பேப்பரும்

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொள்வது பின்னால் இரட்டை ஷாக் உள்ள பழைய பல்சர் 150. இன்ஜினை அடியிலிருந்து தாங்கும் டபுள் கிரேடில் ஃபிரேம், எந்த ஊர் கடையிலும் கிடைக்கும் பாகங்கள், கலப்பதற்கு 180, 220 என்று சொந்தக்கார வண்டிகள். ஹோண்டா ஷைன் மாதிரி டைமண்ட் ஃபிரேமில் இன்ஜினும் ஃபிரேமின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்குகிறது. அதில் விளையாட இடம் குறைவு. ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை வெட்ட வேண்டாம். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட வண்டி, ஒரிஜினலாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

டிஎன் 74 (நாகர்கோவில்) ஆனாலும் 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் வாங்குவதற்கு முன் ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் தேய்த்துப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் ஸ்டீயரிங் கழுத்தில்தான் அடித்திருக்கும். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது; பவுடர் கோட்டிங் கொடுக்கும்போதும் அதை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவு வழி செய்கிறது. ஃபிரேமை வெட்டுவதும் மாற்றம்தான். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் முதல் கட்டிங் வீல் தேய்வதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் பேசிவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகம் ஒன்றைக்கூட விற்காதீர்கள். திருப்பி மாட்ட வேண்டிய நாள் வரலாம்.

அறுப்பதற்கு முன்னால் அளப்பு

எந்த வண்டியாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய அளவுகள் சில உண்டு. சமதளத் தரை, டயரில் சரியான காற்று, வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்கார்ந்த நிலை. இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே உள்ள தூரம், தரையிலிருந்து ஸ்டீயரிங் கழுத்தின் உயரம், ஷாக்கின் கண்ணிலிருந்து கண்ணுக்குள்ள நீளம், முக்கியமாக ட்ரெயில்.

ட்ரெயிலை அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். முன் ஆக்ஸிலின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் ஒரு குறி போடுங்கள். கழுத்தின் சாய்வுக்கு ஒட்டி நேரான அலுமினியப் பட்டி ஒன்றைப் பிடித்துத் தரைவரை நீட்டினால் இரண்டாவது குறி கிடைக்கும். பின்னால் இருக்கும் குறிக்கும் முன்னால் இருக்கும் குறிக்கும் இடைவெளிதான் ட்ரெயில். சாலை வண்டிகளில் இது பெரும்பாலும் 85 முதல் 110 மி.மீ.க்குள் இருக்கும். கூடினால் ஹேண்டில் கனக்கும். ரொம்பக் குறைந்தால் சின்னப் பள்ளத்துக்கே ஹேண்டில் உதறும்.

கஃபே ரேசர் தோற்றத்துக்காகப் பின்னால் உயரமான ஷாக் மாட்டி, முன்னால் ஃபோர்க்கை டியில் (இரண்டு ஃபோர்க் குழாய்களையும் கழுத்தோடு சேர்த்துப் பிடிக்கும் பாகம்) மேலே ஏற்றிவிடுவது வழக்கம். பல்சர் 150இன் வீல்பேஸ் சுமார் 1320 மி.மீ. பின்னால் 25 மி.மீ. உயர்த்தினால் கழுத்து ஒரு டிகிரிக்குச் சற்று மேல் நிமிர்கிறது, ட்ரெயில் ஏறத்தாழ 6 மி.மீ. குறைகிறது. முன்னாலும் 25 மி.மீ. தாழ்த்தினால் இன்னொரு 6 மி.மீ. போகும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு, வண்டி நேராக ஓடவே மாட்டேன் என்கிறது என்று கோன் செட்டை (ஸ்டீயரிங் கழுத்தின் பேரிங்) மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பின்பக்கம் 15 மி.மீ.யோடு நிறுத்துங்கள். முன்பக்கத்தைத் தாழ்த்துவதென்றால் பின்பக்கத்தை ஏற்றவே வேண்டாம்.

முன்பக்கம்

பழைய 150இல் வருவது 31 மி.மீ. ஃபோர்க். 220இன் 37 மி.மீ. ஃபோர்க் பார்க்க எடுப்பு, பிரேக் பிடிக்கும்போது முறுக்கு குறைவு. ஆனால் 150இன் முன் டிஸ்க் 240 மி.மீ., 220இனுடையது 260 மி.மீ. ஃபோர்க்கை மட்டும் வாங்கிப் பழைய வீலை மாட்டினால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி நிற்கும். அதனால் மேல் டி, கீழ் டி, இரண்டு ஃபோர்க், வீல், டிஸ்க், காலிப்பர், ஆக்ஸில், ஆக்ஸில் புஷ்கள் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய செட்டாகவே வாங்க வேண்டும். புஷ்ஷை மறந்துவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கிறது.

செட் கையில் வந்ததும் வெர்னியர் எடுத்து கீழ் டியின் தண்டு விட்டத்தை மேலும் கீழும் அளந்து பழைய தண்டோடு ஒப்பிடுங்கள். கழுத்துக் குழாயின் நீளமும் அப்படியே. தண்டு ஒத்துவராவிட்டால் பழைய தண்டைப் பிரஸ்ஸில் கழற்றிப் புது டியில் ஏற்றலாம். வெறும் வெல்டிங்கை நம்பித் தண்டை நீட்டக் கூடாது. டியின் ஆஃப்செட்டையும் பாருங்கள். தண்டின் மையத்திலிருந்து ஃபோர்க்கின் மையம் 5 மி.மீ. கூடுதலாக முன்னால் போனால் ட்ரெயில் மறுபடி 5, 6 மி.மீ. குறையும்.

வீலை வேறு வண்டியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால் வேலை பேரிங்கில் இருக்கிறது. ஆக்ஸிலைக் கடைந்து மெலிய வைப்பதும், ஹப்பைக் குடைந்து பெரிதாக்குவதும் கடைசி வழி. முதலில் பேரிங் அட்டவணையைப் பாருங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11. அதே 35 வெளிவிட்டத்தில் 6003 எடுத்தால் உள்விட்டம் 17, அகலம் 10. அதாவது ஹப்பைத் தொடாமலே 15 மி.மீ. ஆக்ஸில் வீலை 17 மி.மீ. ஆக்ஸிலில் ஓட்டலாம், பேரிங்குக்கு ஒரு மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) வேண்டும். 42 வெளிவிட்டத்தில் 6302 (15×42×13), 6004 (20×42×12) என்று இதே மாதிரி ஜோடி உண்டு. மெலிந்த பேரிங் தாங்கும் பாரம் குறைவு என்பதை நினைவில் வைத்து, முன் வீலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேரிங் எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கட்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது. வருடத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் தகர மூடி பேரிங் அதிக நாள் தாங்காது.

ஹப்பின் உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். அதன் வேலை, ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தத்தைப் பேரிங்கின் உள்வளையத்திலிருந்து உள்வளையத்துக்குக் கடத்துவது. பேரிங் மாற்றும்போது இதன் நீளம் அரை மி.மீ. குறைந்தாலும் இறுக்கிய உடனே குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். கையில் சுற்றினாலே வீல் பிடிக்கும். நட்டைத் தளர்த்தினால் நன்றாகச் சுற்றுகிறது, இறுக்கினால் பிடிக்கிறது என்றால் குற்றவாளி இந்தக் குழாய்தான், பிரேக் பேட் கிடையாது. லேத்தில் கொடுக்கும்போது ஹப்பில் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள ஆழத்தை அளந்து, குழாயை அதைவிடப் பத்தில் ஒரு பங்கு மி.மீ. நீளமாகக் கடையச் சொல்லுங்கள். புஷ்ஷுக்கு இஎன்8 ரக எஃகுக் கம்பி போதும். ஆக்ஸிலை மட்டும் எந்தக் கம்பியிலும் கடைந்து போடாதீர்கள். அது கம்பெனிப் பொருளாகவே இருக்க வேண்டும்.

கிளிப் ஆன் ஹேண்டில் (ஃபோர்க் குழாயிலேயே கவ்வி நிற்கும் தாழ்ந்த ஹேண்டில்) மாட்டியதும் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டேங்குக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது இடம் வேண்டும். இல்லையென்றால் லாக் ஸ்டாப்பில் (ஹேண்டில் திரும்புவதை நிறுத்தும் முட்டு) பிட் வைத்துத் திருப்பத்தைக் குறைக்கலாம். ஆனால் குறைத்தால் மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் யூ டர்ன் அடிக்கும்போது தெரியும் அதன் அருமை.

முகப்பு ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் மூடி) ஆசை இருந்தால் அதை ஃபோர்க்கில் மாட்டாமல் ஃபிரேமில் மாட்டுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே பக்கவாட்டில் அடிக்கும் காற்று ஃபோர்க்கில் மாட்டிய ஃபேரிங்கைப் பிடித்துத் தள்ளும்போது ஹேண்டிலே திரும்பும். கிளிப் ஆனில் கைகளுக்கு இடைவெளி குறைவு, எதிர்த்துப் பிடிக்கும் நெம்புகோல் பலமும் குறைவு.

பின்பக்கம்

ஃபிரேமின் வாலை வெட்டி, வெட்டிய முனைகளை இணைத்து யூ வடிவக் குழாய் வளையம் வைப்பதுதான் இந்த வண்டியின் அடையாளம். வெட்டும் இடம் ஷாக்கின் மேல் மவுண்டுக்குப் பின்னால் 25 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். வெட்டியதோடு பழைய குறுக்குக் குழாயும் போய்விட்டால், இரண்டு ஷாக் மவுண்டுகளையும் இணைத்து ஒரு குறுக்குக் குழாய் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு பக்கமும் தனித்தனியாக வளையும். கொஞ்ச காலத்தில் மவுண்டின் வேரில் விரிசல் விடும்.

வளையத்துக்குப் பிளம்பர் கடை ஜிஐ பைப் வேண்டாம். துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி நெஞ்சைக் கெடுக்கும், வெல்டிலும் ஓட்டை விழும். ஃபிரேம் குழாயின் வெளிவிட்டத்துக்கு ஒத்த, 2 மி.மீ. சுவருள்ள சீம்லெஸ் (மூட்டில்லாத) குழாய் வாங்குங்கள். வெட்டிய வாய்க்குள் இறுக்கமாகப் போகும் 50 மி.மீ. உள்குழாய் ஒன்றைச் செருகி, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் வைத்து, பக்கத்தில் 8 மி.மீ. துளை போட்டு அதையும் நிரப்பி, பிறகு சுற்றி வெல்ட் வைக்க வேண்டும். முட்டுக்கு முட்டு வைத்த வெல்டை மட்டும் நம்பி ஆளை உட்கார வைக்காதீர்கள்.

வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றித் தூரமாக வையுங்கள். பேட்டரி, சிடிஐ (இக்னிஷன் பெட்டி), ரெகுலேட்டர் எல்லாவற்றின் கப்ளரையும் பிடுங்குங்கள். எர்த் கிளாம்ப் வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். முன் வீலில் கிளாம்ப் போட்டு வாலில் வெல்ட் வைத்தால் கரண்ட் கோன் செட் வழியாகப் போகும், குண்டுகளில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி விழும்.

அகலமான பின் டயர் ஆசையும் இங்கேதான் வரும். ரிம்மில் அச்சடித்த அகலத்தைப் பார்த்து டயர் கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். குறுகிய ரிம்மில் அகல டயர் மாட்டினால் டயர் பலூன் மாதிரி உருண்டு, தரையில் படும் பரப்பு குறைந்துபோகும், செயினிலும் உரசும். செயின் உரசுகிறதென்று ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளினால் முன் ஸ்ப்ராக்கெட்டையும் அதே அளவு தள்ள வேண்டும், இல்லையென்றால் செயின் பக்கவாட்டில் தேய்ந்து கழன்றோடும். நேராக இருக்கிறதா என்று பார்க்க, பின் டயரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி முன் வீல் வரை இழுத்துப் பிடியுங்கள்; முன் டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

டேங்க், சீட்

பழைய வண்டி டேங்கை பல்சர் முதுகில் வைக்கப் பார்த்தால் அடிச்சுரங்கம் பெரும்பாலும் பொருந்தாது. வெட்டி அகலமாக்குவது டேங்க் வேலை தெரிந்தவரின் வேலை. காலி டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்து; ஆவி உள்ளே நிற்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெல்ட் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி வைத்தே பற்ற வைக்க வேண்டும். கசிவு பார்க்க 3 பிஎஸ்ஐ காற்று போதும், அதற்குமேல் ஏற்றினால் டேங்க் உப்பிவிடும். பெட்ரோல் காக் கார்புரேட்டர் கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டுத் தட்டுக்கும் அதன் பின்னால் நிற்கும் கூம்புக்கும் இந்த மாவட்டத்தில் அலைய வேண்டியதே இல்லை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் எல்லாம் அவர்களிடமே உண்டு. ஒரு சீட்டுத் தட்டும் கூம்பும் சேர்த்து 450 கிராம் மேட்டில் மூன்று அடுக்கு, மொத்தம் அரைக் கிலோ மேட், ஒன்றேகால் கிலோ ரெசின். வள்ளத்துக்குப் போடுகிற பழக்கத்தில் ஐந்தாறு அடுக்கு போட்டுவிடுவார்கள். மூன்று போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மூர் வெயிலில் ரெசினை இறுக வைக்கும் கட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 மில்லி போதும், கூட்டினால் பிரஷ்ஷிலேயே கட்டியாகும். தெர்மோகோலில் அச்சு செய்தால் ரெசின் அதைக் கரைத்துவிடும். மேலே பேக்கிங் டேப் சுற்றி மெழுகு தடவுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கிவிட்டு, கடைசியில்தான் கட்டலிஸ்ட். அதே கையோடு டேங்கையும் ஃபைபரில் செய்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பங்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியஸ்டர் ரெசின் நாளடைவில் இளகி, பிசின் கார்புரேட்டருக்குள் போகும்.

மற்றவை

கால் மிதியைப் பின்னால் தள்ள, பின்னால் உட்காருபவரின் மிதி பிராக்கெட்டையே பயன்படுத்தலாம். கியர் லிங்க்கில் நெம்புகோல் திசை மாறினால் கியர் வரிசை தலைகீழாகும். பின் டிரம் பிரேக்கின் ராடு, பாதி அழுத்திய நிலையில் நெம்புகோலுக்குச் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். சாய்ந்திருந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. கிக்கர் மிதியில் இடிக்கும், எனவே வலப்பக்கம் மடக்கும் மிதிதான்.

ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் வைப்பது படத்துக்கு அழகு. பல்சரில் வருவது சிவி வகை கார்புரேட்டர். உள்ளே இருக்கும் ஸ்லைடு காற்றின் அழுத்த வித்தியாசத்தில்தான் மேலே எழும்பும். ஏர் பாக்ஸ் போனதும் அந்த அழுத்தம் குழம்பி, நடு ஆக்ஸிலரேட்டரில் வண்டி திக்கும். ஜெட் மட்டும் மாற்றி இதைச் சரிக்கட்டுவது கஷ்டம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழையில் ஓட்டுபவர்கள் ஏர் பாக்ஸையும் பின் மட்கார்டையும் கழற்றவே வேண்டாம்.

ஹெட்லைட்டுக்கு புல்லட்டின் ஏழு அங்குலக் கிண்ணம் மாட்டினால் அதன் 60/55 வாட் பல்பையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள். பல்சரில் இருந்தது 35/35 வாட். கரண்ட் உண்டாக்கும் காயில் அதற்குமேல் தாங்காமல் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது என்பதால் எர்த் போல்ட்டுக்கு அடியில் சுரண்டி இரும்பு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு கிரீஸ் தடவுங்கள். ரெகுலேட்டரைச் சீட்டுக்கடியில் ஒளிக்காதீர்கள், அதற்குக் காற்று வேண்டும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடென்றால் நட்டு போல்ட்டு தனிக் கவலை. படகுச் சாமான் கடைகளில் நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டு கிடைக்கும். விளக்கு, மட்கார்டு, சீட்டு எல்லாவற்றுக்கும் அதையே போடலாம். காலிப்பர், ஷாக், இன்ஜின் மவுண்டுக்கு மட்டும் வேண்டாம். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவை பலம் 700 மெகா பாஸ்கல், 10.9 என்று தலையில் அடித்த போல்ட்டுக்கு 1000. அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போனால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும், எனவே மரையில் கிரீஸ் அவசியம். யூ வளையத்தில் திறந்த வாய் எதுவும் இல்லாமல் அடைத்துவிடுங்கள். குழாய் உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரியும்போது மிச்சம் பெயிண்ட் மட்டும்தான் இருக்கும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், துருப்பிடித்த கோலத்திலேயே வண்டியை முழுதாகக் கோர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் மைதானத்தில் முப்பதுக்குள், பிறகு ஆளில்லாத சாலையில். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில், டி போல்ட்டு, காலிப்பர், ஷாக், ஸ்ப்ராக்கெட் நட்டு எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். கோன் செட் புதிதென்றால் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்: முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று தெரியும். வெல்ட் வைத்த இடங்களைத் துடைத்து, டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். 200 கிலோமீட்டரில் இன்னொரு முறை. இரண்டாவது முறையும் எதுவும் தளரவில்லை என்றால் பிரித்து பெயிண்ட் கடைக்கு அனுப்பலாம்.